ஏரிக்கு இந்தக் கரையில் ஓர் அமெரிக்க யாப்பு

கல்லூரியில் நான் அமெரிக்க அரசியலமைப்பு நடத்தாத வருடமே கிடையாது. அதிகாரப் பிரிவினை, ஒன்றை ஒன்று தடுத்து நிறுத்தும் மூன்று துறைகள், இரண்டு அவைகள் என்று பாளையங்கோட்டை வெயிலில் கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனது. யாராவது ஒரு பிரிவைத் தப்பாகச் சொன்னால் என் சுட்டுவிரல் தானாக எழும்பிவிடும். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘விரல் டீச்சர்’. ஆனால் அந்த அமெரிக்காவை நான் பார்த்தது கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு ஒருவழியாக அந்தப் பக்கம் போக வாய்த்தபோது விமானம் என்னை இறக்கிவிட்டது டொரண்டோவில். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே ஓர் ஏரி. அந்தக் கரையில் அமெரிக்கா, இந்தக் கரையில் நான்.

அழைத்தவர்கள் கோமதியும் அவள் கணவர் பாலனும். கோமதி என் கல்லூரி விடுதித் தோழி. சங்கரன்கோவில்காரி. சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து தங்கியிருந்த பாலனைக் காதலித்து, வீட்டை இரண்டாக்கி, கல்யாணம் செய்துகொண்டு கனடா போனவள். அவர்கள் என்னைக் கூப்பிட்ட காரணம் சுற்றிப் பார்க்க அல்ல. ஒரு வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல.

யாழ்ப்பாணத்தில் எத்தனை ஊர் உண்டோ அத்தனை ஊருக்கும் டொரண்டோவில் ஓர் ஒன்றியம் உண்டு. பாலனின் ஊருக்கும் உண்டு. ஊர்ப் பெயரை எழுதினால் எனக்கு அங்கே இரண்டாம் முறை சோறு கிடைக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு உதவுவது, கோடையில் பூங்காவில் கூடிச் சாப்பிடுவது, ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முன்னின்று செய்வது ஒன்றியத்தின் வேலை. மற்ற ஒன்றியங்களுக்கு இல்லாத ஒரு பெருமை இவர்களுக்கு உண்டு. இவர்களுடைய யாப்பு, அதாவது சங்கத்தின் சட்டதிட்டம், அமெரிக்க அரசியலமைப்பைப் பார்த்து எழுதியது. எழுதியவர் பாலன். தலைவருக்கு வீட்டோ, அதாவது தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம், உண்டு. இரண்டு தவணைக்கு மேல் யாரும் தலைவராக இருக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் மாதிரி மூன்று பேர் கொண்ட நடுவர் குழுவும் உண்டு. அதில் ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவர் மகளோடு கல்கரிக்குப் போய்விட்டார், மிச்சமிருக்கும் ஒருவருக்குக் காது கேட்காது. எனவே வெளியாள் ஒருவரை நடுவராக வைக்கலாம் என்று முடிவு செய்து என்னைப் பிடித்தார்கள்.

விமான நிலையத்தில் பாலன் ஒரு தடித்த மேலங்கியோடு நின்றிருந்தார். வெளியே பளீரென்று வெயில். எதற்கு இது என்று கேட்டேன்.

“ரீச்சர், உந்தக் கோட்டைப் போடுங்கோ. வெயிலைக் கண்டு நம்பிடாதேங்கோ. இஞ்சத்தை வெயில் பல்லில்லாத வெயில்.”

கதவு திறந்ததும் அவர் சொன்னதை நம்பினேன். சித்திரை மாதத்தில் மூக்கு நுனி மரத்துப்போனது எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மல்வேர்னில் அவர்களுடைய வீடு, ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. கோமதி வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, “ஏட்டி, எலும்பா வந்து நிக்கியே” என்றாள். அதே மூச்சில் திரும்பிக் கணவரிடம், “சூட்கேசை மேல வையுங்கோவன், ஏன் பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?” என்றாள். ஒரே கழுத்தில் இரண்டு தமிழை வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்பிப் பேசுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

புட்டும் சொதியும் வைத்தாள். சொதி என்றால் எங்களுக்குக் கல்யாண மறுவீட்டு விருந்து. காய்கறி போட்டு, பருப்புப் போட்டு, இஞ்சித் துவையலோடு வரும். யாழ்ப்பாணத்தில் அது தினப்படிச் சமாசாரம், தண்ணீராகத் தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயும். கோமதி வைத்த சொதி இரண்டும் இல்லை. நீர்த்த தேங்காய்ப்பாலில் முருங்கைக்காயும் கேரட்டும் கிடந்தன, ஓரத்தில் இஞ்சித் துவையல். எந்த ஊர் சொதி இது என்று கேட்டேன்.

“என் ஊர்” என்றாள்.

மறுநாள் காலை பாலன் நடக்கப் போன பிறகுதான் வழக்கு என்ன என்று சொன்னாள். பாலனுக்கு இரண்டு தவணையும் முடிகிறது. ஒன்றியத்தில் பாதிப் பேர் கோமதி தலைவராக வரவேண்டும் என்கிறார்கள். மற்ற பாதிக்கும் மறுப்பில்லை. இடிப்பது யாப்பின் ஏழாம் பிரிவு. ‘ஊரில் பிறந்தவர் மட்டுமே தலைவராகலாம்.’ அமெரிக்க ஜனாதிபதி அந்த மண்ணின் பிறவிக் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற விதியைப் பார்த்து பாலன் எழுதியது. அதைத் திருத்தப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வருகிறது. நிறைவேறினாலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பாலன் நிற்கிறார்.

“உனக்கு அந்தப் பதவி மேல அவ்வளவு ஆசையாட்டி?” என்றேன்.

“பதவி கிடக்கு, போ. நான் இவங்க ஊருக்கு வந்து என் முடி நரைச்சுப்போச்சு. இன்னும் என்னை வெளியாள்னு எழுதி வச்சிருக்கு. எழுதினது யாரோ இல்ல, எங்கூடப் படுத்து எந்திரிக்கிற ஆளு.” தேநீர்க் கோப்பையைக் கழுவியவள் அதையே மறுபடியும் கழுவினாள்.

கோமதி குழந்தைகள் காப்பகத்தில் பாதி நாள் வேலை செய்கிறாள். அவள் போன பிறகு நான் துணிச்சலாகத் தனியே பஸ் ஏறினேன். வோபர்னில் நம் கடைகள் இருக்கின்றன, கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். நம் ஊர்ப் பழக்கத்தில் சாலையின் இடது பக்கம் போய் நின்றேன். பஸ் வந்தது, கோமதி தந்த பயண அட்டையைத் தட்டினேன், உட்கார்ந்தேன். இந்த நாட்டில் வண்டிகள் வலது பக்கம் ஓடும் என்பது புத்தியில் உறைக்க வெகு நேரம் பிடித்தது.

எனக்கு முன்னால் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள். ஒருத்தி ஆங்கிலத்தில் பொருமிக்கொண்டிருந்தாள். “அம்மா என் போனைப் பிடுங்கிவிட்டாள். நான் என்ன செய்தேன் என்று சொல்லவுமில்லை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.” மற்றவள், “என் வீட்டிலும் அப்படித்தான்” என்றாள். குற்றம் என்னவென்று சொல்லாமல், விசாரிக்காமல் ஒருவரின் உடைமையைப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்காக்காரன் எழுதி வைத்திருப்பதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். என் ஊர்த் தாய்மாரை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

பிறகு எழுந்து போய் ஓட்டுநரிடம் வோபர்ன் எப்போது வரும் என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். “அது நமக்குப் பின்னால் இருக்கிறது, அம்மா. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்னும் தூரமாகிறது.”

“அன்ரி, நீங்கள் லொஸ்ற்றோ, வழி மாறிட்டியளோ?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மருத்துவமனைச் சீருடையில் முப்பது வயதுக்கு மேலான ஒரு பெண். மில்லிக்கன் என்ற இடத்தில் என்னோடு இறங்கி, சாலையைக் கடக்க வைத்து, எதிர் நிறுத்தத்தில் கொண்டு போய் நிறுத்தினாள். சுற்றிலும் சீன எழுத்துப் பலகைகள், வண்டி நிறுத்துமிடங்கள். நடந்து போகும் மனிதர் ஒருவர் இல்லை. யார் வீட்டில் நிற்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

“ஓ மை கோட், கோமதி அன்ரி வீட்டிலயோ? அப்ப நீங்கள்தான் அந்த ஜட்ஜ்!” என்றாள். பெயர் தர்சினி. தீர்மானத்தைக் கொண்டுவருகிறவளே அவள்தான்.

பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். “அப்பா செத்த நேரம் எனக்கு எக்ஸாம் டைம். அம்மாவுக்கு ஒண்டும் விளங்கேல்ல, பேப்பரைக் கண்டா அழுவா. கோமதி அன்ரி ஒரு உடுப்பு பாக்கோட வந்தவ. முப்பத்தோராம் நாள் கிரியை முடியுமட்டும் எங்கட வீட்டிலதான். ஷி ஜஸ்ற் மூவ்ட் இன், யு நோ? எங்கட ஊர் ஆக்கள் கனபேர் வந்தவை, சாப்பிட்டிட்டுப் போனவை. நிண்டது அவதான்.”

“ஏழாம் பிரிவின்படி நீயும் தலைவராக முடியாதே” என்றேன்.

“நான் இஞ்ச பிறந்தனான். ஸோ நானும் அவுட்” என்று சிரித்தாள். “அங்க ஒருக்காத்தான் போனனான், அன்ரி. நுளம்பு கடிச்சு ஃபீவர் வந்திட்டுது.”

பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊரில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் இப்போது மூட்டு வலி. அவர்கள் பிள்ளைகள் டொரண்டோவில் பிறந்தவர்கள். மனைவிமார் வேறு ஊரில் பிறந்தவர்கள். இன்னும் கொஞ்ச காலம் போனால் இந்த ஒன்றியத்தில் தலைவராகும் தகுதியோடு ஓர் ஆள் இருக்கமாட்டார். டொரண்டோவில் உட்கார்ந்து, அமெரிக்காவைப் பார்த்து, யாழ்ப்பாணத்தில் பிறந்தவன்தான் ஆளலாம் என்று எழுதி வைத்திருக்கிறார் மனிதர். அன்று கறிவேப்பிலை வாங்கவில்லை.

மூன்றாம் நாள் ஏரி பார்க்க அழைத்துப்போனார்கள். களிமண் குன்றுகளுக்குக் கீழே கடல் மாதிரிக் கிடந்தது. அலை உண்டு, உப்பு வாசனை மட்டும் இல்லை. அமெரிக்கா தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். மங்கலான ஒரு கோடுதான் தெரிந்தது. அதுவும் மேகமாக இருக்கலாம் என்றார் பாலன். கையில் ‘டபுள் டபுள்’ காப்பி. பாலும் சீனியும் இரண்டு மடங்கு போட்டதற்கு அங்கே அப்படிப் பெயர். நம் ஊர்க் கல்யாண வீட்டுக் காப்பிக்குப் பக்கத்தில் வரும். கோமதி காற்றில் புடவையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

இருக்கிற நாட்டை விட்டுவிட்டு ஏன் அமெரிக்க யாப்பைப் பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

“கனடாவின்ர சட்டம் அங்க ஒரு துண்டு, இஞ்ச ஒரு துண்டாக் கிடக்கு, ரீச்சர். இதைப் பாருங்கோ, சட்டைப் பொக்கற்றுக்குள்ள போகும்.” உண்மையிலேயே சட்டைப் பையிலிருந்து எடுத்தார். உள்ளங்கை அளவுப் புத்தகம், மூலையெல்லாம் மழுங்கியிருந்தது. கனடாவுக்குள் விடுவார்களா மாட்டார்களா என்று எல்லைக்கு அந்தப் பக்கம், பஃபலோவில், ஒரு தேவாலயத்து மண்டபத்தில் படுத்திருந்த நாட்களில் யாரோ ஒரு பெண்மணி கொடுத்ததாம். “என்ரை கையில இருந்த ஒரே புத்தகம் இதுதான். இங்கிலீசு படிச்சதும் இதிலதான். ஒரு மனுசன்ரை கையில எல்லா அதிகாரத்தையும் குடுக்கக் கூடாது எண்டு இவ்வளவு நேரா எழுதினதை நான் அதுக்கு முன்னம் கண்டதில்லை.”

 இத்தனை வருடம் நான் இதை மதிப்பெண்ணுக்காக நடத்தியிருக்கிறேன். இவர் இதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படித்திருக்கிறார்.

ஏழாம் பிரிவுக்குக் காரணம் கேட்டேன். தொடக்கத்தில் பக்கத்து ஊர்க்காரன் வந்து தலைமையைப் பிடித்துவிடுவான் என்ற பயம் என்றார். அமெரிக்காவை உண்டாக்கியவர்களுக்கும் ஐரோப்பாவிலிருந்து ஓர் இளவரசன் வந்து உட்கார்ந்துவிடுவான் என்று அதே பயம் இருந்தது. ஆனால் அந்த விதிக்கு ஒரு வால் உண்டு. ‘அல்லது இந்த அரசியலமைப்பு ஏற்கப்படும் காலத்தில் குடிமகனாக இருப்பவர்’ என்று சேர்த்தே எழுதினார்கள். ஏனென்றால் அந்த நாடே புதிது. எழுதியவர்களில் சிலர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். எங்கே பிறந்தாலும் அப்போது கூட இருந்து கட்டியவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பூட்டுப் போட்டார்கள். என் விரல் எழும்பியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“அண்ணாச்சி, நீங்க முதல் பாதியை எடுத்துக்கிட்டு மறு பாதியை விட்டுட்டீங்க.”

புத்தகத்தைத் திறந்து அந்த வரியைத் தேடிப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“அது சரி, ரீச்சர். எண்டாலும் நான் இறங்க, தலைவர் கதிரை சூடாற முன்னம் என்ரை மனுசி ஏறினா சனம் என்ன சொல்லும்? குடும்பச் சொத்தாக்கிட்டான் எண்டு சொல்லும். ஒரு குடும்பத்தின்ரை கையில நாடு போனா என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியாததே?”

நியாயமான பயம். அதிகாரப் பிரிவினை என்பதே இப்படிப்பட்ட பயத்தில் பிறந்ததுதான். “அதுக்கு வேற பூட்டு போடுங்க அண்ணாச்சி. பிறந்த ஊரை ஏன் பூட்டா மாட்டுறீங்க?” என்றேன்.

கோமதி திரும்பி வந்து நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது. “சனம் என்ன சொல்லும் எண்டுதானே யோசிக்கிறியள்” என்றாள். “நான் என்ன நினைப்பன் எண்டு ஒருக்கா யோசிச்சியளே?”

பாலன் ஏரியைப் பார்த்தார்.  வீடு வரும்வரை காரின் பின் இருக்கையில் நான் ஆறிப்போன காப்பியை உறிஞ்சிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு பொதுக்கூட்டம். ஒரு பிளாசாவில் பல்மருத்துவருக்கும் நகைக்கடைக்கும் நடுவில் இருந்த மண்டபம். வாசலில் மீன் ரோல்ஸ், தேநீர். நம் ஊரில் கூட்டம் முடிந்த பிறகுதான் போண்டா வரும், இல்லாவிட்டால் ஆள் நிற்காது. இங்கே முதலிலேயே கொடுத்துவிடுகிறார்கள், ஆனாலும் ஆள் நிற்கிறார்கள். எனக்கு மேசையில் இடம். பக்கத்தில் காது கேளாத பழைய நடுவர், கோட்டும் கழுத்துப் பட்டியுமாகக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்.

தர்சினி தீர்மானத்தை வாசித்தாள். ‘ஊரில் பிறந்தவர்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஒன்றியத்தின் உறுப்பினர்’ என்று போட வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சலசலப்பு எழுந்தது. தலைவர் கையெழுத்துப் போடமாட்டார் என்றால் கை தூக்கி என்ன பிரயோசனம் என்று ஒருவர் எழுந்து கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எழுந்தேன். நடுவர் எது நல்லது என்று சொல்லக் கூடாது, எது முறை என்று மட்டும்தான் சொல்லலாம். யாப்பின் கடைசிப் பக்கத்தில், இதில் சொல்லாதவற்றுக்கு அமெரிக்க அரசியலமைப்பே வழிகாட்டி என்று எழுதியிருக்கிறது. திருத்தத்துக்குத் தலைவரின் ஒப்பம் தேவையா என்று யாப்பில் இல்லை. எனவே சொன்னேன். “எங்க இந்தியாவில் அரசியலமைப்புத் திருத்தம் குடியரசுத் தலைவர்கிட்டப் போகும், அவர் கையெழுத்துப் போட்டே ஆகணும். அமெரிக்காவில் அவர்கிட்டக் கொண்டுபோகவே வேண்டாம். சாதாரணச் சட்டத்தைத் தடுக்கலாம். திருத்தத்தைத் தடுக்கத் தலைவருக்கு அதிகாரம் இல்லை.”

 பாலன் வீட்டு உப்பைத் தின்றுவிட்டு இப்படிச் சொல்கிறோமே என்று அவர் பக்கம் பார்க்காமலே உட்கார்ந்தேன்.

“அப்ப இதில எனக்கு ஒரு வேலையும் இல்லையோ, ரீச்சர்?” என்றார் பாலன்.

“தலைவரா இல்லை, அண்ணாச்சி. உறுப்பினரா உண்டு.”

 பாலன் நாற்காலியை விட்டு எழுந்து, மேடையிலிருந்து இறங்கி, நடுவழியே நடந்து போய்க் கடைசி வரிசையில் கோமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்தவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தச் சொன்னார்கள். கைகள் எழுந்தன. முதலில் மனைவிமார், பிறகு இளையவர்கள், பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக மூட்டு வலிக்காரர்கள். எண்ணாமலே தெரிந்தது, போதும். பாலன் கை மடியில் இருந்தது. கோமதி தன் கையைத் தூக்கவில்லை. தனக்காகத் தானே கேட்க அவளுக்கு மனம் வரவில்லை போலும். அப்போது பாலனின் கை எழுந்தது. பாதியில் நிற்காமல், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நேராக எழுந்தது. கோமதி இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கையை இறக்காமலே பாலன் எழுந்து நின்றார். “ஒரு விசயம். இவ தலைவரா வந்தா நான் இனி நிர்வாகத்தில ஒரு பதவியும் எடுக்கமாட்டன். எழுதி வையுங்கோ.”

“கோடை ஒன்றுகூடலுக்குச் சமையல் குழுவில ஆள் காணாது, அண்ணை” என்று யாரோ கத்தினார்கள். “அது பதவியில்லை, என்ரை பேரைப் போடுங்கோ” என்றார் பாலன். மண்டபம் சிரித்து ஓயச் சற்று நேரமானது.

போட்டியில்லாமல் கோமதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்து பதவிப் பிரமாணம். பழைய தலைவர் வாசிக்க, புதியவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் மேடையில் எதிரெதிரே நின்றார்கள். பாலன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசிக்க வாயைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். ‘இந்த ஊர் மண்ணில் பிறந்த நான்’ என்று தொடங்கியது பிரமாணம். ஏழாம் பிரிவைத் திருத்திய மும்முரத்தில் இதை ஒருவரும் பார்க்கவில்லை. நானும்தான். இதைத் திருத்த வேண்டுமானால் முன்னறிவிப்புக் கொடுத்து அடுத்த பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். என் விரல் எழும்பத் தொடங்கியது.

பாலன் தாளை மடித்துச் சட்டைப் பையில், அந்தச் சின்னப் புத்தகத்தோடு வைத்தார். கோமதியைப் பார்த்தார்.

“இந்த ஊருக்கு வந்து சேர்ந்த நான்” என்றார்.

 கோமதி நிமிர்ந்து நின்றாள். “இந்த ஊருக்கு வந்து சேர்ந்த நான்,” என்றாள், “சங்கரன்கோவில் கோமதி.”

யாப்பில் இல்லாத வாசகம் அது. செல்லாது என்று சொல்லத்தான் என்னைக் கடல் தாண்டி வரவழைத்து மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்திலிருந்த பழைய நடுவர் என் கையைத் தட்டி, “என்னவாம்? எல்லாம் முறைப்படி நடக்குதோ?” என்று கேட்டார்.

அவர் காதுக்குள் குனிந்து கத்தினேன். “எல்லாம் சரியாத்தான் இருக்கு!”

மண்டபம் முழுக்கக் கேட்டது.